பத்து மடங்கில் ஓர் இழை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் ஃபேக்டரியிலிருந்து கொழும்புக்குப் போன தேயிலைச் சாம்பிளில் கறுப்பாக ஓர் இழை கிடந்தது. வாங்க இருந்தவர்கள் அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

2. அதைப் படமெடுத்துத் தரும்படி மேனேஜர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அது தலைமுடி போலவே இருந்தது.

3. சிஃப்டிங் ரூமில், அதாவது காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில், கடைசி மேசையில் வேலை செய்த யோகேஸ்வரியை மலைக்கு மாற்றினார்கள்.

4. அதே இழையைப் பத்து மடங்கு பெரிதாக எடுத்தேன். அது தலைமுடி இல்லை, கம்பளி ரோமம் என்று தெரிந்தது. இதனால் யோகேஸ்வரிக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. இன்னும் மோசமானது.

5. இழையின் வெட்டுமுனையை எடுத்தேன்.

மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டதை, எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெரும்பகுதி லென்ஸ், வெளிச்சம், அதிர்வு பற்றியது. மிச்சம் மனிதர்களைப் பற்றியது. இரண்டையும் பிரித்து எழுதப் பார்த்தேன். முடியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊர் நோர்வூட் பக்கம். உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் படித்தேன். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் தர ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் 'லேப் மிஸ்'. தூளின் ஈரம் பார்ப்பது, சாம்பிள் வைப்பது, மலையிலிருந்து வரும் நோய்ப்பட்ட இலைகளைப் படமெடுத்து அனுப்புவது என் வேலை. கேமராவும் ஒரு மேக்ரோ லென்ஸும் அந்த இலைகளுக்காக வாங்கப்பட்டவை.

ஒன்றுக்கு ஒன்று

மேக்ரோ லென்ஸ் என்றால் பொதுவாக ஒன்றுக்கு ஒன்று வரை போகும். ஒரு மில்லிமீட்டர் பொருள், கேமராவின் சென்சரிலும் ஒரு மில்லிமீட்டராகவே விழும். எங்கள் கேமராவின் சென்சர் ஏறக்குறைய இருபத்துநான்கு மில்லிமீட்டர் அகலம். ஆகவே படத்துக்குள் வருவதும் இருபத்துநான்கு மில்லிமீட்டர். ஓர் இலைப் புள்ளிக்கு இது தாராளம். ஓர் இழைக்கு இது எதற்கும் போதாது. சாதாரணத் தலைமுடி ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு பருமன் இருந்தால் பெரிது. ஒன்றுக்கு ஒன்றில் அது ஒரு கோடு, அவ்வளவுதான். கறுப்பான, வளைந்த, தெளிவான கோடு.

அந்தக் கோட்டை மேனேஜரின் மேசையில் வைத்தேன். கீழே 'முடி போன்ற இழை, சுமார் இரண்டு சென்டிமீட்டர்' என்று எழுதியிருந்தேன்.

மேனேஜர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்தில் எல்லோருக்கும் 'தொர'. தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரம் வந்தால் வாக்கியம் குட்டையாகிவிடும்.

"மிஸ், எனக்கு ஒரு வார்த்த போதும். முடியா, இல்லையா?"

"முடி போல இருக்கு சேர். முடின்னு சொல்ல இந்தப் படம் பத்தாது."

பக்கத்தில் டீமேக்கர் நின்றார். ஃபேக்டரியில் தூள் தயாராவது முழுக்க அவர் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளை மப்ளர். படத்தைக் கையில் எடுத்தார்.

"பத்தாதா? இதவிட எப்டி மிஸ் பெருசா காட்டுவீங்க? செவுத்துல ஒட்டுற அளவுக்கா? குஞ்சம் கட்டுனா சவுரியே செஞ்சிறலாம்."

"இன்னும் பெருசா எடுக்கலாம் ஐயா. சாமான் இல்ல. கொஞ்சம் நாள் குடுங்க."

"கொழும்புக்காரங்க நாள் குடுக்க மாட்டாங்க," என்றார் மேனேஜர். "யார் கைல இருந்து வந்திச்சின்னு நான் எழுதணும். கடேசி மேசை யாரு?"

டீமேக்கர் படத்தைத் திரும்ப மேசையில் வைத்தார். பிறகு, "யோகேஸு," என்றார்.

சிஃப்டிங் ரூமில் பெண்கள் எல்லோரும் தலையில் தொப்பி போடுவார்கள். யோகேஸ்வரிக்கு முடி இடுப்புக்குக் கீழே. கொண்டை தொப்பிக்குள் அடங்காது. இரண்டு தொப்பி போடுவார். அதனாலேயே எல்லோருடைய கண்ணிலும் முடி என்றால் அவர்தான். மேனேஜர் வேறு கேள்வி கேட்கவில்லை. அடுத்த காலைப் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, யோகேஸ்வரியின் பேர் மலைக்குப் போனது.

யோகேஸ்வரியின் முட்டி

ஏன் இது பெரிய விஷயம் என்று ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்லவேண்டும். யோகேஸ்வரி முன்பு கொழுந்து எடுத்தவர். மழையில் சரிவில் விழுந்து முட்டி உடைந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஃபேக்டரிக்கு வந்தார். மலையில் ஒரு நாள் பேருக்கு, அதாவது நாள் சம்பளத்துக்கு, எடுக்கவேண்டிய கொழுந்தை அவரால் எடுக்க முடியாது. முடியாவிட்டால் அவர் வேலையைவிட்டு நிற்கவேண்டியதுதான். யாரும் அவரை நிறுத்தியதாகவும் இருக்காது.

மத்தியானம் அவர் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். எல்லோர் முன்னும் என்னை மிஸ் என்பார். தனியே என்றால் புள்ள.

"நீ எடுத்த படமாமே புள்ள."

"ஆமாக்கா."

"என் முடின்னு எழுதியிருக்கியா?"

"முடி மாதிரின்னு எழுதுனேன்."

"மாதிரிக்கெல்லாம் மலையில பேரு போடுவாங்கன்னா, இந்தத் தோட்டத்துல பாதிப் பேரு மலையிலதான் நிக்கணும்." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி வைத்தார். "இன்னைக்கி ரெண்டு வரிச கூட ஏறல. கண்டாக்கு ஐயா என்னா செய்றதுன்னு தெரியாம என்னயப் பாக்குறாரு. நா அவரப் பாக்குறேன்."

ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய முடி வேண்டும் என்றேன். பின்னலிலிருந்து ஒன்றை இழுத்தார்.

"ஒன்னு போதுமா? கத்தையா புடுங்கிக்க. குத்தம் சொல்றதுக்கே இவ்ளோ முடி வச்சிருக்கேன்."

பத்து மடங்குக்கான சாமான்

தலைமுடியின் மேற்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்கானது. ஆட்டு ரோமத்துக்கும் செதில் உண்டு, ஆனால் வேறு மாதிரி. தலைமுடியில் அடுக்குகள் நெருக்கமாக, தட்டையாக ஒட்டிக் கிடக்கும். ஆட்டு ரோமத்தில் இடைவெளி கூட. ஓரங்கள் சற்றுத் தூக்கி நிற்கும். நைலோனுக்குச் செதிலே கிடையாது. பருமனை நம்பக்கூடாது, நெற்றியோரப் பூமுடி ஆட்டு ரோமத்தைவிட மெல்லியதாக இருக்கலாம். செதிலைக் காண்பித்தால்தான் பேச்சு. அதற்கு ஒன்றுக்கு ஒன்று போதாது. பத்துக்கு ஒன்று வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பனியில் அதன் கண்ணாடிகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. குவியம் சரிசெய்யும் பெரிய குமிழ் துருப்பிடித்து நின்றுவிட்டது. மேலும் அதில் வெளிச்சம் கீழிருந்து வரும். கறுப்பு இழை அதில் வெறும் நிழல். ஆனால் அதில் இரண்டு பாகம் நன்றாக இருந்தன:

- பத்து மடங்கு ஒப்ஜெக்டிவ், அதாவது பொருளை ஒட்டி நிற்கும் சின்ன லென்ஸ். இது மட்டும் தனி டப்பாவில் இருந்ததால் பூஞ்சணம் பிடிக்கவில்லை.
- சின்னக் குமிழ். அதில் ஒரு கோடு நகர்த்தினால் மேடை இரண்டு மைக்ரான் நகரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒப்ஜெக்டிவைக் கேமராவில் மாட்ட ஒரு சாண் நீளக் குழாய் வேண்டும். ஃபேக்டரி ஃபிட்டர் சுனில், எல்லோருக்கும் 'சுனில் பாஸ்', பிவிசி குழாயில் கடைந்து கொடுத்தார். மரை சரியாக உட்காரும்வரை மூன்று துண்டு கெட்டது. "மிஸ், இது ஒங்க கேமராவா, எங்க தண்ணிப் பைப்பா?" என்று கேட்டுக்கொண்டே செய்தார்.

முதல் படம் முழுக்க வெள்ளைப் புகை. குழாயின் உட்சுவரில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததுதான் காரணம். உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்ததும் புகை போனது. குழாய் வைத்துப் படமெடுக்கிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

வெளிச்சம்: ஒப்ஜெக்டிவின் முனைக்கும் இழைக்கும் நடுவே ஒரு விரல் அகலம்கூட இல்லை. டோர்ச் வெளிச்சத்தை நேரே அடித்தால் இழை கண்ணாடிக் கம்பி போல மின்னும், செதில் மறைந்துவிடும். யோகட் கப்பின் அடியில் துளை போட்டு ஒப்ஜெக்டிவின் முனையில் தொப்பி போல மாட்டினேன். இரண்டு எல்.ஈ.டி. விளக்கை வெளியிலிருந்து அதில் அடித்தேன். வெள்ளைக் கப் முழுக்க விளக்காகி, மெத்தென்ற வெளிச்சம் இழையின்மேல் விழுந்தது.

குவியம்: பத்து மடங்கில் ஒரே தடவையில் தெளிவாக விழும் ஆழம் எட்டு ஒன்பது மைக்ரான். இழை உருளை, அதன் முதுகு தெளிந்தால் தோள் கலங்கும். ஆகவே இழையை மைக்ரோஸ்கோப் மேடையில் வைத்து, சின்னக் குமிழை இரண்டிரண்டு கோடாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து, தெளிந்த பாகங்களை மட்டும் மென்பொருளில் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். இதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். ஓர் இழைக்கு முப்பது படம் வரை எடுத்தேன்.

அதிர்வு

எல்லாம் தயார். முப்பது படத்தைச் சேர்த்தபோது வந்தது பஞ்சு மிட்டாய்.

ஆய்வுக்கூடம் ஃபேக்டரிக்குள் இருக்கிறது. அடுத்த அறையில் ரோலர்கள் கொழுந்தைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன. மேல்மாடியில் இலை வாட்டும் காற்றாடிகள். நமக்கு அது சத்தம் மட்டும்தான், காலில்கூட உணரமாட்டோம். ஆனால் பத்து மடங்கில் இரண்டு மைக்ரான் ஆட்டம் சென்சரில் இருபது மைக்ரான் ஆகிறது. உருவத்தைப் பெரிதாக்கும் கருவி ஆட்டத்தையும் அதே அளவு பெரிதாக்கும். இதை மறந்துவிட்டு விலை கூடிய லென்ஸ் தேடிப் போகிறவர்கள் உண்டு.

கொழுந்து குவியும் காலம் அது. மெஷின் நிற்கும் நேரமே இல்லை. மேசைக் காலுக்கு டயர் துண்டு வைத்தேன், கனம் ஏற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. தோட்டத்தில் அதிராத இடம் எது என்று ஒரு வரிசை எழுதினேன். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மரப்பலகைத் தளம், ஆள் நடமாட்டம். ஆபீசில் பக்கத்திலேயே ரோட்டு, லொறி. கோயிலில் கேமராவோடு உட்காரக் கேட்க எனக்கே கூச்சம். கடைசியில் எழுதியது பிள்ளைக்காம்பரா. அம்மாமார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். மலையைக் குடைந்து, பாறைமேல் கல் பாவிக் கட்டியது. ஃபேக்டரியிலிருந்து ஒரு வளைவு தள்ளி.

அதைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா கேமராவையும் மைக்ரோஸ்கோப்பையும் யோகட் கப்பையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சாப்ட்டு தூங்குற நேரத்துல வாங்க மிஸ். அதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா அந்தக் கப்புக்குள்ள என்னா இருக்குன்னு எல்லாரும் வெரல விட்டுப் பாப்பாங்க. ஒன்ன எழுப்பிவுட்டீங்கன்னா நீங்கதான் தொட்டில் ஆட்டணும்."

மத்தியானம் அங்கே எதுவும் அசையவில்லை. பின்னறையில் ஒரு குழந்தை அழுதது. அழுகையால் படம் கெடவில்லை. மேரி அக்கா எழுந்து நடந்தபோது ஒன்று கெட்டது, திரும்ப எடுத்தேன்.

இழையைப் பற்றி ஒரு விஷயம். அதன்மேல் தேயிலைத் தூசி அப்பியிருந்தது, செதில் தெரியவில்லை. கழுவவேண்டும். ஆனால் இருப்பது ஒரே ஓர் இழை. கழுவி ஏதாவது ஆகிவிட்டால் யோகேஸ்வரிக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. மேனேஜரையும் டீமேக்கரையும் கூப்பிட்டு அவர்கள் பார்க்கப் பாதியாக வெட்டினேன். ஒரு பாதியைப் பையில் போட்டு ஒட்டி மேனேஜரிடமே கொடுத்தேன். மற்றப் பாதியை ஸ்பிரிட்டில் அலசினேன். ஸ்பிரிட் தேத்தண்ணி நிறமானது. தேயிலையில் கிடந்த பொருள் என்பதால் அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிள்ளைக்காம்பராவில் மூன்று இழை எடுத்தேன்: கொழும்பிலிருந்து வந்தது, யோகேஸ்வரியின் முடி, என்னுடைய முடி. இரண்டு தலைமுடியும் ஒரே மாதிரி. நெருங்கிய, தட்டையான அலைகள். கொழும்பு இழை வேறு. தென்னை மரத்தண்டு போல இடைவெளி விட்டு வளையங்கள். ஓரங்கள் வெளியே நீட்டின. சந்தேகமே இல்லை. அது ஆட்டு ரோமம்.

கம்பளி

மூன்று படத்தையும் பக்கம் பக்கமாக மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் அதிக நேரம் பார்த்தார். விளங்கியது. டீமேக்கருக்கும் விளங்கியது. எனக்கு அன்று சந்தோஷம், மறைக்கவில்லை.

"அப்ப இது முடி இல்ல," என்றார் மேனேஜர்.

"இல்ல சேர். கம்பளி ரோமம்."

"கம்பளி," என்றார் அவர். டீமேக்கர் பக்கம் திரும்பினார். "சிஃப்டிங் ரூம்ல கம்பளி எப்பிடி வந்திச்சி?"

டீமேக்கர் மப்ளரைத் தளர்த்தினார். இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் நினைத்திருக்கிறார்.

"யோகேஸு ஒரு கம்பளி வச்சிருக்கா சேர். கறுப்புக் கம்பளி. குளிருக்கு முட்டி வலிக்கிதுன்னு மடியில போட்டுக்கிட்டு ஒக்காருவா. நாந்தான் வச்சுக்கன்னு சொன்னேன்."

இப்போது மலையில் மழைக்குப் போர்த்துவது அதிகமும் பிளாஸ்டிக் படங்குதான். பழைய கறுப்புக் கம்பளி வைத்திருப்பவர்கள் குறைவு. ஃபேக்டரிக்குள் கம்பளி வைத்திருந்தது யோகேஸ்வரி ஒருவர்தான். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மடியில் கிடந்த அந்தக் கம்பளியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கேள்வி 'முடியா, இல்லையா' என்பதோடு நின்றிருந்தது. அது இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கும், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

முன்பு அது தலையிலிருந்து தெரியாமல் உதிர்ந்தது. இப்போது, கொண்டுவரக்கூடாததைக் கொண்டுவந்தது என்றானது. முன்பு ஒருவர் மாட்டியிருந்தார். இப்போது இருவர்.

அன்று மாலை யோகேஸ்வரியிடம் நானே போய்ச் சொன்னேன். லயத்து முற்றத்தில் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல முடி. இப்ப கம்பளி. இன்னொரு படம் எடுக்காத புள்ள. அடுத்து சீலைன்னு வரும்."

"அந்தக் கம்பளியில ஒரு இழ வேணும்க்கா."

"எடு, எடு. அதையும் எடு." உள்ளே போய்க் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "ஒனக்கு என்னாதான் தெரிய வேண்டியிருக்கு?"

எனக்கு என்ன தெரியவேண்டும் என்று அந்த நேரம் எனக்கே தெளிவில்லை. ஒரே பொருளா என்று ஒப்பிடாமல் விடக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

ஸ்பிரிட்டின் நிறம்

கம்பளியின் இழையையும் வழக்கப்படி ஸ்பிரிட்டில் அலசினேன். ஸ்பிரிட் தெளிவாகவே இருந்தது. இழை கறுப்பாகவே இருந்தது.

அப்போதுதான் முந்தைய நிறம் நினைவுக்கு வந்தது. கொழும்பிலிருந்து வந்த இழையில் சாயம் இறங்கியது. திரும்ப அலசினேன். திரும்பவும் இறங்கியது. மூன்று தடவைக்குப் பிறகு அந்த இழை கறுப்பு இல்லை; வெளிறிய மண் நிறம். யோகேஸ்வரியின் கம்பளி கறுப்பாட்டு ரோமத்தில் நெய்தது. அதன் கறுப்பு பிறவிக் கறுப்பு. இதன் கறுப்பு தேயிலைச் சாயம்.

மேலே சாயம், உள்ளே வெள்ளை என்றால் அதைப் படத்தில் காட்டவேண்டும். கழுவிய துண்டு இதற்கு உதவாது. மேனேஜர் ஒட்டி வைத்திருந்த பாதியைக் கேட்டேன். அதில் ஒரு துணுக்கைப் புது பிளேடால் குறுக்கே வெட்டி, மெழுகில் நிமிர்த்தி நட்டு, வெட்டுமுனையை மேலிருந்து எடுக்கத் திட்டம். முப்பது மைக்ரான் அகலமுள்ள வட்டம். பத்து மடங்கிலும் சென்சரில் எண்பது பிக்சல் வராது. அழகான படத்துக்கு எண்பது பிக்சல் போதாது. 'நடுவில் வெள்ளையா, கறுப்பா' என்ற கேள்விக்குப் போதும்.

ஆனால் இந்தத் தடவை முதலில் காகிதத்தை எடுத்தேன். ஃபேக்டரிக்குள் எங்கெங்கே வெள்ளைக் கம்பளி இருக்கிறது?

- டீமேக்கரின் மப்ளர்.
- பைபர் மெஷினில் உள்ள ஃபெல்ட்.

இரண்டாவதை விளக்கவேண்டும். காய்ந்த தூளில் இருக்கும் நார், தண்டுத் துணுக்குகளைப் பிரிக்கும் மெஷின் இது; எங்கள் ஃபேக்டரியில் மூன்று உண்டு. பிவிசி ரோலர்கள் சுழலும். அவற்றின்மேல் ஃபெல்ட், அதாவது அழுத்திச் செய்த கனத்த கம்பளிப் பட்டை, உரசிக்கொண்டிருக்கும். உரசலில் மின்னேற்றம் உண்டாகி, ரோலர் நாரை மட்டும் இழுத்துக்கொள்ளும். தலைவாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டும் அதே விஷயம். ஒவ்வொரு நாளும் எல்லோரும் அந்த மெஷினைக் கடந்து போகிறோம். ஃபெல்ட் மூடிக்குள் இருப்பதால் யாருடைய கண்ணிலும் அது கம்பளி இல்லை, மெஷின்.

டீமேக்கரிடம் போய் மப்ளரைக் கேட்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கழற்றிக் கொடுத்தார்.

"இந்தாங்க. நம்மளயும் ஒரு படம் எடுத்துருங்க. சுத்தமான கம்பளி மிஸ் இது, நுவரெலியாவுல வாங்குனது."

பிறகு பைபர் மெஷினைத் திறக்கவேண்டும் என்றேன். அந்த மெஷினின் ஃபெல்ட்டை மாற்றவேண்டிய காலம் தாண்டியிருந்தது அவருக்குத் தெரியும். அங்கே ஏதாவது கிடைத்தால் அது நேரே அவர் தலையில் விழும்.

"திறந்தா?" என்று கேட்டார்.

"திறந்தாதான் தெரியும் ஐயா."

"சுனில் பாஸ்," என்று கூப்பிட்டார். "மூடியக் கழட்டுங்க. மூனு மெஷின்லயும்."

இரண்டு மெஷின்களில் ஃபெல்ட் கறுத்திருந்தது; ஓரம் சிலும்பித் தொங்கியது. தொட்டால் இழை கையோடு வந்தது. மூன்றாவதில் பட்டையின் ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது. சுனில் பாஸ் டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் என்னிடம், "எடுத்துக்கங்க," என்றார்.

வெட்டுமுனை

பிள்ளைக்காம்பராவில் இன்னும் இரண்டு மத்தியானம். நான்கு இழை: கொழும்பிலிருந்து வந்தது, யோகேஸ்வரியின் கம்பளி, மப்ளர், ஃபெல்ட். ஒவ்வொன்றுக்கும் மேற்புறம் ஒரு படம், வெட்டுமுனை ஒரு படம். ஒரே வெளிச்சம், ஒரே அளவு. இது முக்கியம். ஒப்பிடும் படங்களில் ஒன்றைக் கொஞ்சம் வெளிச்சமாக எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை பேசும் தகுதியே போய்விடும்.

கண்டவை:

1. மப்ளரில் செதிலே இல்லை. வழுவழுப்பான கம்பி. செயற்கை நூல். டீமேக்கருக்கு இதில் வருத்தம்தான். "அவன் சத்தியம் பண்ணிக் குடுத்தான் மிஸ்," என்றார்.

2. யோகேஸ்வரியின் கம்பளி: கனத்த ரோமம். வெட்டுமுனை நடுவரை கறுப்பு.

3. கொழும்பு இழை: மெல்லியது. வெட்டுமுனையில் ஓரம் மட்டும் இருட்டு வளையம், நடு வெளிறியிருந்தது.

4. ஃபெல்ட்: மூன்றாவதைப் போலவே. பருமன், செதில், வளையம் எல்லாம்.

மேனேஜரிடம் படங்களை வைக்கும்போது இந்தத் தடவை இன்னொரு தாளையும் வைத்தேன். இந்தப் படங்கள் எதைக் காட்டவில்லை என்று அதில் எழுதியிருந்தேன். கொழும்பு இழை எந்த மெஷினிலிருந்து வந்தது என்று இவை காட்டவில்லை. எப்போது உதிர்ந்தது என்று காட்டவில்லை. அது யோகேஸ்வரியின் தலையிலிருந்தும் வரவில்லை, கம்பளியிலிருந்தும் வரவில்லை என்று மட்டும் காட்டுகின்றன.

மேனேஜர் தாளைப் படித்தார். "ஃபெல்ட் யார் பொறுப்பு?"

"நான் சேர்," என்றார் டீமேக்கர். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டேன். கொழுந்து காலத்துல மெஷின நிப்பாட்ட மனசு வரல."

"இத மொதல்ல சொல்லியிருக்கலாம்."

"மொதல்ல எனக்கும் அது முடின்னுதான் தெரிஞ்சிச்சி சேர்."

அவர் சொன்னது பொய் இல்லை என்று நினைக்கிறேன். முதல் படத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

யோகேஸ்வரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் படங்களைத் திருப்பிக் காட்டி, இது உங்க முடி, இது உங்க கம்பளி, இது மெஷின் என்று பொறுமையாக விளக்கினார். யோகேஸ்வரி ஒவ்வொன்றையும் பார்த்தார். மெஷின் படத்தைக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப நாளைக்கி எனக்கு எங்க தொர பேரு?"

"ஃபேக்டரி," என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். யோகேஸ்வரி படியில் ஒரு காலை முதலில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மூனாவது படம்," என்றார், "மொதல்லயே எடுக்க முடியாதா?"

"என்னா கேட்கணும்னு மொதல்ல தெரியலக்கா."

அவர் இறங்கிப் போனார்.

கற்றுக்கொண்டது

மடங்கைக் கூட்டுவது கஷ்டமான வேலைதான். ஆனால் குழாய், பெயின்ட், கப், பாறைத் தரை இருந்தால் அதை எவரும் செய்யலாம். படம் பெரிதாகப் பெரிதாக அதற்குள் வருவது குறைகிறது. ஒன்றுக்கு ஒன்றில் இழை முழுக்கத் தெரிந்தது, அது என்னவென்று தெரியவில்லை. பத்தில் என்னவென்று தெரிந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆகவே எந்த மடங்கில் எடுத்தாலும், அந்தப் படம் எதைச் சொல்லாது என்பதை நீங்களே எழுதி, படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வாங்குகிறவர் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வார்.

இப்போதைய நிலை

கொழும்பில் எங்கள் பதிலை ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தூளைத் திரும்பச் சலித்து அனுப்பினோம். இரண்டு பைபர் மெஷின்களில் புது ஃபெல்ட் போட்டாகிவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை, அது ஓடவில்லை. ஃபேக்டரிக்குள் கம்பளித் துணி எதுவும் கொண்டுவரக்கூடாது என்று அந்த வாரம் போட்ட உத்தரவு அப்படியே இருக்கிறது. டீமேக்கர் ஒரு எச்சரிக்கையோடு தன் வேலையில் இருக்கிறார். கடைசி மேசையை, கொழுந்தை உலர்த்தும் ட்ரையர் பக்கத்துச் சுவரோரம் தள்ளிப் போட்டது அவர்தான். அங்கே குளிர் குறைவு. யோகேஸ்வரி அந்த மேசையில் வேலை செய்கிறார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.